தைஸ்தோவின் கட்டைவிரல்

இந்தக் காலத்து மனிதர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் கட்டடத்தில் நாற்பத்திரண்டு வீடுகள். வெளியே கிளம்புகிறவன் நேராகக் கதவைத் திறப்பதில்லை. கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாக முதலில் படிக்கட்டைப் பார்க்கிறான். யாராவது ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்கிறான். அவர்கள் போன பிறகுதான் வெளியே வருகிறான். எங்கள் ஆட்கள் முன்பும் பேச்சு குறைந்தவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் வணக்கம் சொல்லாமல் கடந்து போவார்கள். இப்போது கடந்துகூடப் போவதில்லை. இப்படி முகத்தைக் காட்டவே யோசிக்கிறவர்கள், போன அக்டோபரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கேட்டதும் வரிசையில் நின்று கட்டைவிரலைக் கொடுத்தார்கள்.

என் பெயர் ஆர்மாஸ் கிவெலா. எழுபத்தொன்பது வயது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாற்பத்து நான்கு வருஷம் செங்கல் வைத்தேன், எல்லாம் இந்தத் தாம்பரே ஊரில்தான். நான்காவது மாடியில் தனியாக இருக்கிறேன். என் மனைவி ஹில்கா போய் ஒன்பது வருஷமாகிறது.

எனக்கென்று வாரத்தில் ஒரு மணி நேரம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு, அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சவுனாவில், அதாவது சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேகிற குளியல் அறையில். முப்பத்தொரு வருஷமாக அது என் முறை. ஐந்திலிருந்து ஆறு வரை தைஸ்தோவின் முறை. அவன் இரண்டாவது மாடிக்காரன், ஓடு பதிக்கிற வேலை பார்த்தவன். நான் ஐந்தே முக்காலுக்கே வாளியும் துண்டுமாகக் கீழே இறங்கிவிடுவேன். அவன் வெந்து சிவந்து, உடை மாற்றும் அறையின் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருப்பான். அந்தக் கால் மணி நேரம் இரண்டு பேருமாக இருப்போம். ஒரு பீரை இரண்டாகப் பங்கு போடுவோம். அவன் அடுப்புக் கற்களின் மேல் காகிதத்தில் சுற்றி வைத்த சாசேஜில் எனக்கும் ஒன்று இருக்கும். பிறகு அவன் போவான், நான் உள்ளே போவேன். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் நான் கடைக்காரியிடம் பேசுவதோடு சரி. அவளும் பை வேண்டுமா என்று மட்டும்தான் கேட்பாள்.

போன வருஷம் யாரோ சாவியைக் கள்ளத்தனமாக நகலெடுத்து, முறை இல்லாத நேரத்தில் சவுனாவுக்குள் கும்மாளம் போட்டிருக்கிறார்கள். கட்டடச் சங்கத் தலைவி ரீத்வா கூட்டம் போட்டாள். நான் போகவில்லை, கூட்டத்துக்கு நான் போவதே இல்லை. சாவியை ஒழித்துவிட்டு விரலைப் பார்த்துத் திறக்கும் பூட்டு வைப்பது என்று முடிவாயிற்று. அக்டோபரில் மின்னா என்று ஒருத்தி மடிக்கணினியோடு வந்து கீழ் அறையில் உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். நல்ல பொறுமைசாலி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"எங்க கைரேகையெல்லாம் போலீசுக்குப் போகுமா?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"இல்லங்க. விரலைப் படம் புடிச்சு வெக்கறதே இல்ல. ரேகை எங்க முடியுது, எங்க ரெண்டாப் பிரியுது, அந்தப் புள்ளிகளை மட்டும் எடுத்து எண்ணா மாத்தி வெச்சுக்கும். அந்த எண்ணை வெச்சு விரலைத் திரும்ப வரையறது லேசுல ஆகாது."

"அப்பறம் எப்படி நான்தான்னு தெரியும்?"

"நீங்க அடுத்த தடவை விரல் வெக்கும்போது புதுசா ஒரு எண் வரும். ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாத்து மார்க் போடும். அச்சு அசலா ஒரு நாளும் ஒத்துப்போகாது. விரல் கொஞ்சம் சாஞ்சிருக்கும், காஞ்சிருக்கும். அதனால பாஸ் மார்க்குன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். அதுக்கு மேல வந்தா பச்சை, கீழ போனா சிவப்பு."

"அப்ப அதுக்கும் நிச்சயமாத் தெரியாது. குத்துமதிப்புதான்."

"நல்ல குத்துமதிப்புங்க" என்று சிரித்தாள்.

தைஸ்தோவின் விரலை ஆறு தடவை வைத்தும் அது எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் சிமெண்டுக் குழம்பைக் கையால் வழித்தவனுடைய விரலில் ரேகை எங்கே இருக்கும்? மின்னா அவன் விரலில் ஏதோ களிம்பைத் தடவினாள், வாயால் ஊதச் சொன்னாள். கடைசியில் நாலைந்து புள்ளி கிடைத்தது.

"உங்களுக்கு மட்டும் பாஸ் மார்க்கைக் கொறச்சு வெக்கறேன்" என்றாள்.

"ஸ்கூல்லகூட யாரும் எனக்கு இப்படி ஒரு நல்லது பண்ணல" என்றான் தைஸ்தோ.

பிறகு நான். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் தேறவில்லை. செங்கல் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டது.

"கழுவின தட்டு மாதிரி இருக்குங்க. அது புடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. உங்களுக்குக் கழுத்துல மாட்டிக்கற மாதிரி ஒரு வில்லை தரேன், அதைக் காட்டினாத் தொறக்கும்."

"மாட்டுக்குத்தான் அடையாள வில்லை மாட்டுவாங்க."

"டேய், வாங்கிக்கடா" என்றான் தைஸ்தோ. "இல்லேன்னா காதுல குத்திவிடச் சொல்றேன்."

"வேணாம். நீ உள்ளதான இருப்ப? தொறந்துவிடு."

அப்படித்தான் முடிந்தது. ஐந்து மணிக்கு அவன் விரலை ஊதி வைத்து உள்ளே போவான். ஐந்தே முக்காலுக்கு நான் கதவைத் தட்டுவேன். உள்ளிருந்து திறக்க விரல் வேண்டாம். குளிர்காலம் பூராவும் இப்படியே ஓடிற்று. பெட்டியிடம் நான் பேசவுமில்லை, அது என்னிடம் பேசவுமில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை தைஸ்தோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு ஏழு பேர் வந்தோம். அவன் மகன் ஓலு ஊரிலிருந்து வந்து காபி குடித்துவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்துப் போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை கால் பழக்கத்தில் இறங்கிவிட்டேன். ஐந்தே முக்கால். கதவைத் தட்டவும் தட்டினேன். தட்டிய பிறகுதான் உறைத்தது. வாளியைக் கீழே வைத்தேன். அப்புறம் ஒரு எரிச்சலில் கட்டைவிரலை அந்தப் பெட்டியில் அழுத்தினேன். சிவப்பு. தைஸ்தோ செய்வது போல வாயால் ஊதி, துண்டில் ஒரு துடைப்புத் துடைத்து, மறுபடி அழுத்தினேன்.

பச்சை.

பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தக் கட்டடத்தில் யாரானாலும் ஒருவரோடு பழக ஆறு மாசம் எடுத்துக்கொள்வார்கள். பெட்டியும் இந்த ஊர்ப் பெட்டிதானே, அதற்கும் நாள் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பு நேரத்துக்குத் தானே எரியும், உள்ளே கற்கள் சூடாக இருந்தன. அகப்பையால் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழுந்தது. பீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சாக்கடையில் ஊற்றினேன். ஒருவனுக்கு அது அதிகம்.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் போனேன். ஒரு தடவை மட்டும் தாமதமாகி, ஆறு அடித்த பிறகு போனேன். ஊதிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், சிவப்பிலேயே நின்றது. மிஷினுக்கும் மூட் சரியில்லாத நாள் இருக்கும் போல என்று மேலே ஏறிவிட்டேன். மறுவாரம் ஐந்தே முக்காலுக்குப் போனேன், பச்சை. சரி, இதற்கு ஐந்தே முக்கால்தான் பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். எனக்கும் அதுதானே பழக்கம்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. வெள்ளி ஆறு மணி முறையை நான் இருபத்தாறு வாரமாகப் பயன்படுத்தவில்லையாம். விதிப்படி மே மாதத்திலிருந்து அது காத்திருப்பவர்களுக்குப் போகிறதாம்.

மூன்றாவது மாடிக்குப் போய் ரீத்வாவின் கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு நேராக முகத்தை நீட்டி, "நான்தாம்மா, ஆர்மாஸ். கடிச்சுட மாட்டேன்" என்றேன். திறந்தாள்.

"வாங்க. காபி போடட்டுமா?"

"காபி வேணாம். என் முறையை எதுக்குப் புடுங்கறீங்க?"

"நான் எங்க புடுங்கறேன்? ஆறு மாசமா நீங்க சவுனாப் பக்கமே வரல."

"எவன் சொன்னது?"

"பட்டியல் சொல்லுது. வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு ஒரு தடவைகூடக் கதவு தொறக்கல."

"நான் அஞ்சே முக்காலுக்கே உள்ள போயிடறேம்மா. தைஸ்தோ தொறந்துவிடுவான். அவன் போனப்பறம் நானே தொறந்துக்கறேன். ஒரு வெள்ளி விட்டதில்ல. முதுகு வெந்து கெடக்கு, காட்டவா?"

"சட்டையைக் கழட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரி, நீங்க கீழ போறதை யாராவது பாத்திருக்காங்களா? ஒருத்தர் சொன்னாப் போதும். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

யோசித்தேன். வெள்ளிக்கு வெள்ளி, நான்கு மாடி இறங்கியிருக்கிறேன், ஏறியிருக்கிறேன். கையில் தகர வாளி, தோளில் துண்டு. ஒருத்தர் முகம் நினைவுக்கு வரவில்லை. ஒருத்தரையும் நான் பார்த்ததே இல்லை.

"உன் வாசல் வழியாத்தானே இறங்கறேன்" என்றேன். "நீ பாத்திருப்பியே?"

அவள் மேஜை விரிப்பை நேராக்கினாள். "வாளிச் சத்தம் கேட்டிருக்கேன்."

"கேட்டு?"

"போகட்டும்னு நின்னிருக்கேன்."

அவளே கணினியைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள், கழற்றிவிட்டும் பார்த்தாள்.

"அஞ்சே முக்காலுக்குக் கதவு தொறந்திருக்கு, நெஜந்தான். ஆனா உங்க பேர்ல இல்ல. தைஸ்தோ பேர்ல."

"அது முன்ன. அவன் இருந்தப்ப."

"இல்ல ஆர்மாஸ். இருந்தப்ப அஞ்சு மணிக்குத் தொறந்திருக்காரு. போனதுக்கு அப்பறம்தான் அஞ்சே முக்கால். பிப்ரவரி, மார்ச், போன வெள்ளி வரைக்கும். அவர் பையன் அவர் பேர்ல வில்லை வாங்கி வந்து போறான்னு நெனச்சுட்டோம். முறையையும் யாரும் ரத்து பண்ணல, அவர் விரலையும் எடுக்கச் சொல்லல."

எனக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் நானும் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அந்தக் காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு மின்னா வந்தாள். சவுனாக் கதவுக்கு முன்னால் மூன்று பேரும் நின்றோம். நான் வாளியும் துண்டுமாகவே போயிருந்தேன், என் நாள் அல்லவா.

"எப்பவும் வெக்கற மாதிரி வைங்க" என்றாள் மின்னா.

ஊதினேன், துடைத்தேன், வைத்தேன். பச்சை. அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். தைஸ்தோ அஹ்வென்லம்பி, இரண்டாவது மாடி, நேரம் ஐந்து முப்பத்து நான்கு.

"அவன் ஆறடி மூணு அங்குலம்" என்றேன். "நான் அவன் தோள் உயரம்தான். எந்த மடையனுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத் தெரியும்?"

"அதுக்கு உயரம் தெரியாதுங்க. தப்பு என்னோடது." அப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் இப்போது அபூர்வம். "அவருக்கு நாலஞ்சு புள்ளிதான் கெடச்சுது. அதுக்கு மேல நான் பாஸ் மார்க்கையும் கொறச்சேன். புள்ளி கம்மி, மார்க்கும் கம்மின்னா, தேஞ்ச விரல் எது வந்தாலும் அவரா இருக்கலாம்னு தோணிடும். இது யாருன்னு பேரைக் கேக்கறதில்ல. வந்த விரல் இங்க இருக்கறவங்கள்ல யாருக்குக் கிட்டன்னு தேடும். நீங்க அவருக்குக் கிட்ட இருந்தீங்க."

"அப்ப அன்னைக்கு என் விரலை ஏன் வேணாம்னுது?"

"பதிஞ்சு வெக்க நல்ல விரல் வேணும். ஒப்பிட்டுப் பாக்க அரைகுறையே போதும். அதுக்குத்தான் நேரமும் சேத்து வெச்சிருக்கோம். அவருக்கு ஆறு மணி வரைக்கும்தான் தொறக்கும்."

ஆறு அடித்த பிறகு போன அந்த வெள்ளியும் அதன் மூட் சரியில்லாததும் இப்போது விளங்கிற்று.

"இப்ப அவர் பதிவை அழிக்கணும்" என்றாள்.

"எதுக்கு? இருந்துட்டுப் போகட்டுமே. அது என்ன சோறா கேக்குது?"

"செத்தவர் பேர்ல ஒரு கதவு தொறக்கக் கூடாதுங்க. நாளைக்கு எவனோ தேஞ்ச விரலோட வந்தாலும் தொறந்துடும். சாவி தொலஞ்சாப் பூட்டை மாத்தலாம். விரல் விவரம் வெளிய போனா, வேற விரலுக்கு எங்க போறது? ஆள் இல்லேன்னா அழிச்சுடணும். சட்டமும் அதான்."

"அவனோடது இங்க மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்" என்று வாயில் வந்துவிட்டது. ரீத்வா சுவரைப் பார்த்தாள். மின்னா ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டு நின்றாள். அவ்வளவு மரியாதை அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆம் என்றாள்.

நான் விரலை வைத்துப் பார்த்தேன். ஊதி வைத்தேன். துடைத்து வைத்தேன். சிவப்பு. அவர்கள் இருவரும் என்னைத் தடுக்கவில்லை.

மின்னா பையிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்துச் சுவரில் பொருத்தினாள். "இது விரலைப் பாக்காது. உள்ளங்கையை மேல காட்டினாப் போதும், தொட வேணாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அடிக்கும். தோலுக்கு அடியில ரத்தக்குழாய் போற வழி மட்டும் கருப்பாத் தெரியும். அதைச் செங்கல் தேய்க்காது. ரத்தம் ஓடற கையா இருக்கணும், அவ்வளவுதான்."

கையைக் காட்டினேன். நான்கு தடவை காட்டச் சொன்னாள். ஐந்தாவது தடவை பச்சை. கணினியில் என் பெயர் வந்தது: ஆர்மாஸ் கிவெலா, நான்காவது மாடி.

"பாத்தீங்களா?" என்றாள் ரீத்வா, தானே கண்டுபிடித்தது போல. "உங்க ஆறு மணியை உங்களுக்கே திருப்பிப் போட்டுட்டேன். ஆயுசுக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. தைஸ்தோவோட அஞ்சு மணியை புதுசாக் குடிவந்த ஒரு ஜோடிக்குக் கொடுத்திருக்கு, அஞ்சாவது மாடி. நல்ல புள்ளைங்க."

அது எனக்குத் தப்பாகப் படவில்லை. நல்ல பிள்ளைகள் என்றால் சரி. பீர் குடிப்பார்களோ என்னவோ. சாசேஜ் நான் கொண்டுபோகலாம், இத்தனை வருஷம் அவனுடையதைத் தின்றவன்தானே.

"அப்ப அஞ்சே முக்காலுக்கு நான் வந்தா அவங்க இருப்பாங்க" என்றேன்.

"இல்லயில்ல. அந்தத் தொந்தரவு இனிமே இல்ல. மே மாசத்துலேர்ந்து ஒரு முறைன்னா முக்கால் மணி நேரம்தான். அவங்க அஞ்சே முக்காலுக்குள்ள போயிடணும். உங்களுக்குக் கதவு ஆறுக்குத்தான் தொறக்கும். நடுவுல கால் மணி நேரம் காலியா விட்டிருக்கு. யாரும் யாரையும் பாக்க வேண்டியதில்ல." ரீத்வா முகத்தில் ஒரு பெருமை. "கூட்டத்துல அத்தன பேரும் கை தூக்கினாங்க. இந்த வருஷம் ஒரு மனசா நடந்த ஒரே தீர்மானம் அதுதான்."

நான் வாளியை எடுத்துக்கொண்டேன்.

"எங்க போறீங்க?" என்றாள் மின்னா. "மணி ஆறாகுது. உள்ள சூடா இருக்கு. கையைக் காட்டுங்க, தொறக்கும். இது தப்பு பண்ணாது, நம்புங்க."

"போன வாரமும் பச்சைதாம்மா காட்டிச்சு."

"அது வேற பெட்டி."

"பச்சை ஒண்ணுதானே."

அவள் இன்னும் ஏதோ சொன்னாள், எத்தனையோ லட்சத்தில் ஒன்றுதான் பிசகும் என்று. லட்சம் கையைக் காட்டிக்கொண்டு யார் நிற்கப்போகிறார்கள்? நான் காதில் வாங்கிக்கொள்ளாமல் ஏறினேன். தைஸ்தோவின் கதவில் பெயர்ப் பலகை இன்னும் இருந்தது. மூன்றாவது மாடி போவதற்குள் மூச்சு வாங்கிற்று. வாளியைப் படியில் வைத்துவிட்டு நின்றேன். ரீத்வாவுக்கு எதிர் வீட்டில் யாரோ கதவருகே வந்து நிற்கிற சத்தம் கேட்டது. செருப்பு மாட்டி, கோட்டு போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் போவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

நான் அவசரப்படவில்லை. துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு வாளியை எடுத்து, எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாக ஆட்டிக்கொண்டு, மேலே போனேன்.